இடிக்க மாட்டோம்: சிட்னி கட்டடத் தொழிலாளர்கள் போட்ட பச்சைத் தடை

சிட்னியில் வேலை பார்க்கிற நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், அவங்க அனுப்பின போட்டோவில் இந்த இடத்தை நீங்க பார்த்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஹார்பர் பிரிட்ஜ் தெற்குப் பக்கம் கரையிறங்கும் இடத்தில், மஞ்சள் நிற மணற்கல்லில் கட்டிய பழைய வீடுகள், படிக்கட்டு வைத்த சந்துகள், சின்னச் சின்ன பப்கள், வாரக் கடைசியில் ஒரு சந்தை. இடத்தின் பெயர் தி ராக்ஸ். அங்கிருந்து தெற்கே திரும்பினால் வானத்தை முட்டும் கண்ணாடி டவர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மேம்பாலச் சாலை, கஹில் எக்ஸ்பிரஸ்வே. அதுக்கு வடக்கே பழைய ஊர், தெற்கே புது ஊர். யாரோ ஸ்கேல் வெச்சுக் கோடு கிழிச்ச மாதிரி இருக்கும்.

உண்மையிலேயே கோடு கிழிச்சதுதான். 1975ல் அரசாங்கத்துக்கும், அந்தத் தெருக்களில் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கும் நடுவே முடிந்த ஒரு சமரசத்தின் கோடு அது. அந்தக் கோடு வந்த கதையைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம். இந்தக் கதையில் கோர்ட் கடைசியில்தான் வரும். அரசியல் கட்சிகள் ஓரமாக நிற்கும். நடுவில் நிற்பவர்கள் சாரம் கட்டுறவங்க, கம்பி கட்டுறவங்க, கான்கிரீட் கொட்டுறவங்க, பழைய கட்டடத்தை இடிக்கிறவங்க. நம்ம ஊர்ப் பேச்சில் சித்தாள்கள்.

முதலில் தி ராக்ஸ் எப்படிப்பட்ட இடம்னு பார்த்துடுவோம். அது கடிகல் மக்களின் நிலம். 1788ல் பிரிட்டிஷ் கப்பல்கள் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது, அந்தக் கைதிகள் பாறை மேட்டில் தாங்களாகவே குடிசை போட்டுத் தங்கிய இடம்தான் இது. பிறகு துறைமுகத் தொழிலாளர்கள், மாலுமிகள், அவர்களின் குடும்பங்கள். வசதியானவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துபோகும் பேட்டை. 1900ல் சிட்னியில் பிளேக் வந்தது. நகரம் முழுக்க 103 பேர் இறந்தார்கள். அதைக் காரணம் காட்டி அரசாங்கம் தி ராக்ஸையும் பக்கத்தில் உள்ள மில்லர்ஸ் பாயின்ட்டையும் மொத்தமாகக் கையகப்படுத்தியது. வரிசை வரிசையாக வீடுகளை இடித்தது. 1920களில் ஹார்பர் பிரிட்ஜ் கட்ட இன்னும் நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. 1950களில் கஹில் எக்ஸ்பிரஸ்வே வந்து மிச்சத்தையும் பிளந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. 1900க்குப் பிறகு அங்கே குடியிருந்த பெரும்பாலானவர்களுக்கு வீடு சொந்தமில்லை. வீட்டுக்காரர் யாரு? அரசாங்கம். தலைமுறை தலைமுறையாக அரசுக்கு வாடகை கட்டி வாழ்ந்தார்கள். காலி பண்ணுன்னு சொன்னா, காட்டுறதுக்குக் கையில் பத்திரம் கிடையாது. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில் இது திரும்ப வரும்.

1957 வரைக்கும் சிட்னியில் 150 அடிக்கு மேல் கட்டடம் கட்டக் கூடாது என்று ஒரு உயர வரம்பு இருந்தது. அந்த வருஷம் அது நீக்கப்பட்டது. 1962ல் சர்குலர் கீ கரையில், தி ராக்ஸின் கண்ணுக்கு நேரே, 26 மாடி ஏ.எம்.பி. கட்டடம் எழும்பியது. அதன்பின் ஒரு வெறி பிடித்த மாதிரி ஆபீஸ் டவர்கள். வெளிநாட்டுப் பணம், இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பணம் எல்லாம் கான்கிரீட்டாக மாறிக்கொண்டிருந்த காலம். துறைமுகத்தைப் பார்த்தபடி, நகர மையத்தை ஒட்டி, அரசாங்கமே சொந்தக்காரராக இருக்கும் ஒரு பழைய பேட்டை சும்மா கிடக்குமா?

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் அப்போதைய முதல்வர் ராபர்ட் ஆஸ்கின். லிபரல் கட்சி. 1968ல் அவர் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1970ல் அதன்படி சிட்னி கோவ் மறுமேம்பாட்டு ஆணையம் வேலையைத் தொடங்கியது. திட்டத்தின் மதிப்பு சுமார் 50 கோடி டாலர். ஆபீஸ் டவர்கள், ஹோட்டல்கள், கடைகள், உயரமான அடுக்குமாடிகள். வரலாற்றுக்கு அடையாளமாக அங்கங்கே சில பழைய கட்டடங்களை விட்டுவைப்பார்கள். குடியிருந்தவர்கள்? வேறு எங்காவது வீடு கொடுப்போம் என்றார்கள். அந்த "வேறு எங்காவது" நகரத்தின் விளிம்பில், துறைமுகத்திலிருந்து வெகு தூரத்தில். காலையில் கப்பல் துறைக்கு நடந்து வேலைக்குப் போகிறவனுக்கு அதன் அர்த்தம் என்னன்னு உங்களுக்கே தெரியும். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோமே.

எதிர்ப்பைச் சொல்லச் சட்டத்தில் இடமிருந்ததா? அன்றைய சட்டப்படி, இப்படி ஒரு திட்டத்தில் குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்க வேண்டிய கட்டாயமே ஆணையத்துக்கு இல்லை. மனு கொடுக்கலாம், கடிதம் எழுதலாம். பதில் வரலாம், வராமலும் போகலாம்.

இங்கே கதை கொஞ்சம் ஊரை மாற்றுகிறது. சிட்னியின் இன்னொரு பக்கம், ஹன்டர்ஸ் ஹில். வசதியான, மரங்கள் அடர்ந்த, அமைதியான பகுதி. அங்கே ஆற்றங்கரையில் சுமார் 12 ஏக்கர் காட்டுநிலம் மிச்சம் இருந்தது. பெயர் கெல்லிஸ் புஷ். ஏ.வி. ஜென்னிங்ஸ் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் அங்கே ஆடம்பர வீடுகள் கட்டத் திட்டமிட்டது. 1970ல் அந்தப் பகுதியைச் சேர்ந்த 13 பெண்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். "கெல்லிஸ் புஷ் போராளிகள்" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். போராளி என்றதும் வேறு மாதிரி கற்பனை பண்ணிடாதீங்க. பெரும்பாலும் இல்லத்தரசிகள், நடுத்தர வயது, மேல்நடுத்தர வர்க்கம். வீட்டுக்கு வருபவர்களுக்கு டீயும் கேக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவர்கள். கவுன்சிலர்களைப் பார்த்தார்கள், அமைச்சருக்கு எழுதினார்கள், முதல்வருக்கும் எழுதினார்கள். 1971 ஜூனில் அமைச்சர் அந்த நிலத்தை வீடு கட்டும் மனையாக வகை மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எல்லாக் கதவும் மூடிய பிறகு அவர்கள் தட்டிய கதவுதான் இந்தக் கதையின் திருப்பம். கட்டடத் தொழிலாளர் சங்கம், சுருக்கமா பி.எல்.எஃப். மாநிலச் செயலாளர் ஜாக் மண்டி. வடக்கே குவீன்ஸ்லாந்தில் பிறந்தவர், ரக்பி ஆட சிட்னிக்கு வந்தவர், கட்டட வேலைக்குப் போனவர், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். ஹன்டர்ஸ் ஹில் வீடுகளில் கம்யூனிஸ்ட் என்ற சொல்லே கெட்ட வார்த்தையாக இருந்திருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் இவரிடம் வந்து, "எங்க காட்டைக் காப்பாத்துங்க" என்கிறார்கள்.

மண்டியும் அவருடைய தோழர்கள் பாப் பிரிங்கிள், ஜோ ஓவன்ஸ் ஆகியோரும் நடத்திய சங்கம் கொஞ்சம் வித்தியாசமானது. சங்கத் தலைவர்களுக்குச் சம்பளம் ஒரு தொழிலாளியின் கூலி அளவுதான். வேலைநிறுத்தம் நடந்தால் தலைவர்களுக்கும் சம்பளம் கிடையாது. பதவிக்குக் கால வரம்பு உண்டு. அது முடிந்தால் திரும்பக் கட்டட வேலைக்குப் போக வேண்டும். 1973ல் மண்டி அப்படித்தான் செயலாளர் பதவியை விட்டு இறங்கினார். நம்ம ஊரில் ஒரு சங்கத் தலைவர் தானாக நாற்காலியை விட்டு எழுந்த கதையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தால் எழுதுங்க.

அந்தச் சங்கத்துக்குள்ளே அப்போது ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. நம்ம உழைப்பு எதுக்குப் பயன்படுதுன்னு கேட்க நமக்கு உரிமை இருக்கா இல்லையா? மண்டியின் வாதம் எளிமையானது. எங்களுக்குக் கட்டத்தான் ஆசை. ஆனால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சாதாரண ஜனங்களுக்கு வீடு, இதெல்லாம் பற்றாக்குறையாக இருக்கும்போது காலி ஆபீஸ்களை ஏன் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்? எட்டு மணி நேரம் உழைத்துவிட்டுத் தொழிலாளி திரும்பிப்போவது மூச்சு முட்டும் ஒரு ஊருக்கு என்றால், கூலி உயர்வு மட்டும் வாங்கி என்ன பிரயோஜனம்?

பெண்களிடம் சங்கம் ஒரு நிபந்தனை வைத்தது. நீங்கள் 13 பேர் சொன்னால் போதாது, ஊர் கூடிக் கேட்கணும். ஹன்டர்ஸ் ஹில்லில் கூட்டம் போட்டார்கள். சுமார் 600 பேர் வந்து சங்கத்திடம் தடை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். சங்கம் அறிவித்தது: கெல்லிஸ் புஷ்ஷில் எங்கள் ஆள் ஒருவர்கூட வேலை செய்ய மாட்டார். ஜென்னிங்ஸ் சங்கத்தில் இல்லாத ஆட்களை, அதாவது கருங்காலிகளை வைத்துக் கட்டுவோம் என்று மிரட்டியது. உடனே வடக்கு சிட்னியில் அதே நிறுவனத்துக்காக ஒரு ஆபீஸ் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் கூடிப் பேசி ஒரு செய்தி அனுப்பினார்கள். கெல்லிஸ் புஷ்ஷில் ஒரு மரம் விழுந்தாலும், இந்தப் பாதிக் கட்டடம் பாதிக் கட்டடமாகவே காலத்துக்கும் நிற்கும். அதோடு நிறுவனம் பின்வாங்கியது. இன்னைக்கும் அந்தக் காடு அங்கேதான் இருக்கு. 1983ல் நெவில் ரான் அரசு அதைப் பொதுமக்களுக்கான திறந்தவெளியாக வாங்கியது.

வேலை செய்ய மறுப்பதைத் தொழிற்சங்க மொழியில் "கறுப்புத் தடை" என்பார்கள். கூலிக்காக, பாதுகாப்புக்காகப் போடுவது. இது அது இல்லையே, இதில் தங்களுக்கு லாபம் எதுவும் இல்லையே என்று மண்டி இதற்குப் புதுப் பெயர் வைத்தார்: கிரீன் பேன், பச்சைத் தடை. பின்னாளில் ஜெர்மனியின் பசுமைக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெட்ரா கெல்லி 1970களில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது இதைப் பார்த்துத்தான் "பச்சை" என்ற சொல்லை அரசியலுக்கு எடுத்துக்கொண்டார் என்று ஆஸ்திரேலியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு அப்பா இருப்பார் என்று நான் நம்புவதில்லை. ஆனா கதை நல்லாயிருக்கு.

செய்தி தி ராக்ஸுக்கு வர நேரமாகவில்லை. அங்கே குடியிருப்போர் குழுவை நடத்தியவர் நீட்டா மெக்ரே. பல தலைமுறைகளாக அந்தத் தெருக்களிலேயே வாழ்ந்த குடும்பம். ஹன்டர்ஸ் ஹில் பெண்களுக்கும் இவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர்கள் காப்பாற்றியது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த காட்டை. இவருக்கோ வீடே போகிறது. 1971 நவம்பரில் தி ராக்ஸ் மக்கள் பி.எல்.எஃப்.பிடம் போனார்கள். தடை விழுந்தது. ஆணையம் கையில் சட்டம் இருக்கு, நிலம் இருக்கு, கட்டிக்கொடுக்கக் கம்பெனிகள் இருக்கு. ஆனால் ஒரு சுவரை இடிக்க ஆள் கிடைக்கவில்லை.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி அடுத்து நடந்ததுதான். தடை போட்டுவிட்டுச் சும்மா உட்காரவில்லை. 1973ல் குடியிருப்போர் தங்களுக்கு ஆதரவான கட்டடக் கலைஞர்கள், திட்டமிடல் வல்லுநர்களுடன் உட்கார்ந்து தங்கள் சொந்தத் திட்டத்தைத் தயாரித்தார்கள். "மக்கள் திட்டம்" என்று பெயர். பழைய வீடுகளைப் பழுதுபார், புது வீடு கட்டினால் இங்கே இருப்பவர்களுக்குக் கட்டு, உயரத்தைக் குறை. மாற்றமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கணும். எந்த ஊரிலும் எதிர்ப்பவர்களைப் பார்த்து முதலில் வீசப்படும் கல் அதுதானே, "இவங்க வளர்ச்சிக்கு எதிரி".

1973 அக்டோபர். மாநிலத் தேர்தல் நெருங்குகிறது. பிளேஃபேர் தெருவில் ஒரு பழைய கட்டடத்தை இடிக்கக் கருங்காலிகளை ஒப்பந்தக்காரர் கொண்டுவந்தார். போலீஸ் காவலோடு. குடியிருப்போரும் பி.எல்.எஃப். ஆட்களும் கட்டடத்துக்குள்ளே போய் உட்கார்ந்தார்கள். சுமார் இரண்டு வாரம் மோதல். 70க்கும் மேற்பட்டவர்கள் கைது. அக்டோபர் 24 அன்று போலீஸ்காரர்கள் ஜாக் மண்டியைக் கையும் காலுமாகத் தூக்கிக்கொண்டு போகும் படம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியத் தொழிற்சங்க வரலாற்றின் மிகப் பிரபலமான போட்டோக்களில் அதுவும் ஒண்ணு. சட்டம் ஒழுங்கு என்று பிரச்சாரம் செய்த ஆஸ்கின், நவம்பரில் தேர்தலில் ஜெயித்தார்.

ஆக, பெரும்பான்மை வாக்காளர்கள் ஆஸ்கின் பக்கம்தான். இதை நம்மில் பலர் இந்தக் கதையைச் சொல்லும்போது விட்டுவிடுகிறோம். ஆஸ்கின் கேட்ட கேள்வி அற்பமானது இல்லை: ஊர் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ண இந்தச் சித்தாள் சங்கத்தை யார் தேர்ந்தெடுத்தது? நியாயமான கேள்வி. ஆனால் அதே கேள்வியை ஆணையத்தைப் பார்த்தும் கேட்கலாமே. அதில் இருந்தவர்களையும் தி ராக்ஸ் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சங்கமாவது கேட்டுத்தான் வந்தது. குடியிருப்பவர்கள் கூடிக் கேட்காமல் எந்த இடத்திலும் தடை போடுவதில்லை, கேட்ட பிறகு சங்க உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும் என்பது விதி. 1971 முதல் 1974 வரை 40க்கும் மேற்பட்ட இடங்களில் இப்படித் தடை விழுந்தது.

இன்னொரு உண்மையும் சொல்லணும். இந்தத் தடைகள் சாத்தியமானதற்குக் கட்டுமானத் துறையின் அந்த ஏற்றமே ஒரு காரணம். இந்த சைட் இல்லைன்னா அடுத்த சைட்டில் வேலை. கொள்கைக்காக ஒரு வேலையை விட்டவனுக்கு மறுநாள் வேறு இடத்தில் கூலி கிடைத்தது. 1974ல் கடன் இறுகி, ரியல் எஸ்டேட் சந்தை சரிந்தபோது நிலைமை மாறியது. அதே சரிவு பல கட்டுமான முதலாளிகளின் கையையும் கட்டிப்போட்டது. சிட்னியில் பல பழைய தெருக்கள் பிழைத்ததற்குப் பாதிப் புண்ணியம் சங்கத்துக்கு, மீதியில் ஒரு பங்கு பணமில்லாமல் போன வங்கிக் கணக்குகளுக்கு என்பது என் கணக்கு.

இதுவரை கேட்டதில் கைதும் லாக்கப்பும்தான் இருந்தது. இதுக்கு ஒரு இருட்டுப் பக்கமும் இருக்கு. கிங்ஸ் கிராஸ் பகுதியில் விக்டோரியா தெரு. மரங்கள் வரிசையாக நிற்கும், பால்கனி வைத்த பழைய வீடுகள். பிராங்க் தீமன் என்ற தொழிலதிபர் அங்கே வரிசையாக வீடுகளை வாங்கி, இடித்துவிட்டு உயரமான டவர்கள் கட்டத் திட்டம் போட்டார். 1973 ஏப்ரலில் வாடகைக்கு இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் காலி பண்ண வைக்கப்பட்டார்கள். எதிர்ப்புக் குழுவின் தலைவரைச் சிலர் கடத்திக்கொண்டு போய் மூணு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் பேசாமல் அந்தப் பகுதியை விட்டே போய்விட்டார். மிக் ஃபவுலர் என்ற மாலுமி கப்பல் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், வீடு பூட்டிக் கிடக்கிறது. நண்பர்களோடு திரும்ப உள்ளே நுழைந்தவர், 1976 வரை வெளியே வரவில்லை. 1974 ஜனவரியில், காலி வீடுகளில் குடியேறிப் போராடியவர்களை அடியாட்கள் கதவை உடைத்து இழுத்துப்போட்டார்கள், போலீஸ் நின்று பார்த்தது.

அதே தெருவில் வனீட்டா நீல்சன் குடியிருந்தார். மார்க் ஃபாய்ஸ் என்ற பெரிய கடைக் குடும்பத்தின் வாரிசு. "நவ்" என்ற சின்ன உள்ளூர்ப் பத்திரிகையை நடத்தியவர். அந்தப் பத்திரிகையில் தீமனின் திட்டத்தை விடாமல் எதிர்த்து எழுதினார். பி.எல்.எஃப். தடை விழுந்துபோன பிறகு, குடிநீர் வாரியத் தொழிலாளர் சங்கத்திடம் பேசி இன்னொரு தடை வாங்கியவரும் அவர்தான். தண்ணீர் இணைப்பு இல்லாமல் டவர் கட்டி என்ன செய்வது? 1975 ஜூலை 4 காலை, விளம்பரம் விஷயமாகப் பேச கிங்ஸ் கிராஸில் உள்ள காரசல் கிளப்புக்குப் போனார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. உடல் இன்னும் கிடைக்கவில்லை. 1983ல் முடிந்த மரண விசாரணையில், அவர் இறந்துவிட்டார், எப்படி, யாரால் என்று தெரியாது என்று ஜூரி சொன்னது. கொலைக்காக இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை.

மேலே "தடை விழுந்துபோன பிறகு" என்றேன். அது எப்படி விழுந்தது? அரசாங்கம் வீழ்த்தவில்லை. அதே சங்கத்தின் தேசியத் தலைமை வீழ்த்தியது. நார்ம் கேலகர், மெல்பர்னில் இருந்த தேசியச் செயலாளர். அவரும் கம்யூனிஸ்ட்தான், ஆனால் போட்டிக் கட்சி. மண்டியின் குழு சோவியத் பாதையிலிருந்தும் விலகியது, கேலகரின் குழு மாவோ பாதை. நம்ம தோழர்கள் மத்தியில் இதெல்லாம் பார்க்காத காட்சி இல்லை. 1974 கடைசியில் அவர் சிட்னிக்கு வந்து போட்டிக் கிளையைத் திறந்தார். கட்டுமான முதலாளிகள் அவர் சங்க அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் வேலை கொடுத்தார்கள். 1975 மார்ச்சில் மண்டியின் குழு கையை உயர்த்தியது. மண்டி, பிரிங்கிள், ஓவன்ஸ் எல்லாரும் சங்கத்தைவிட்டு நீக்கப்பட்டார்கள். கட்டட வேலையே கிடைக்காமல் போனது. கேலகர் பின்னாளில், கட்டுமான நிறுவனங்களிடமிருந்து தன் கடற்கரை வீட்டுக்குப் பொருட்களை வாங்கிக்கொண்ட வழக்கில் தண்டனை பெற்றார்.

ஆனால் நாலு வருஷம் ஒரு திட்டத்தை நிறுத்திவைத்ததில் நிறைய மாறியிருந்தது. தி ராக்ஸில் 1975ல் சமரசம் வந்தது. எக்ஸ்பிரஸ்வேக்கு வடக்கே உள்ள பழைய கட்டடங்கள் காப்பாற்றப்படும், தெற்கே டவர்கள் கட்டலாம். நான் தொடக்கத்தில் சொன்ன கோடு இதுதான். அடுத்து வந்த ரான் அரசு 1977ல் பாரம்பரியச் சட்டம் கொண்டுவந்தது. 1979ல் புதிய திட்டமிடல் சட்டம்: திட்டங்களை மக்கள் பார்வைக்கு வைக்கணும், கருத்துக் கேட்கணும், சட்டம் மீறப்பட்டால் பாதிக்கப்பட்டவர்தான் என்றில்லை, யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். அதற்கென்றே 1980ல் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம் ஒன்றும் வந்தது. சித்தாள்கள் கையால் நிறுத்தியதை, இனி காகிதத்தால் நிறுத்தலாம்.

திட்டத்தால் வீடு இழந்த தி ராக்ஸ்காரர்களுக்கு அங்கேயே வீடு வேண்டுமே? அதுக்காகக் கட்டியதுதான் சிரியஸ். டாவ் கோஃபர்ஸ் வடிவமைத்த, கான்கிரீட் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி இருக்கும் கட்டடம். 79 வீடுகள், மாடித் தோட்டம், பாலத்தையும் ஓப்பரா ஹவுஸையும் பார்க்கும் ஜன்னல்கள். வயதானவர்களுக்கும் குடும்பங்களுக்கும் அரசு வாடகை வீடு. 1980ல் கட்டி முடிந்தது. சிட்னியின் ஆக விலையுயர்ந்த காட்சி, துறைமுகத் தொழிலாளியின் விதவைக்குச் சொந்த ஊரில் கிடைத்தது.

34 வருஷம். 2014 மார்ச்சில் மாநில அரசு அறிவித்தது: மில்லர்ஸ் பாயின்ட், தி ராக்ஸ் பகுதியில் உள்ள 293 அரசு வீடுகளை விற்கப்போகிறோம், சிரியஸையும் சேர்த்து. வரும் பணத்தில் வேறு இடங்களில் நிறைய அரசு வீடுகள் கட்டுவோம் என்றார்கள். அந்தக் கணக்கில் அர்த்தமே இல்லை என்று சொல்ல முடியாது, வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் பட்டியல் நீளமானது. ஆனால் 1970ல் கேட்ட அதே வார்த்தைகள், "வேறு எங்காவது". கையில் பத்திரம் இல்லாதவர்கள் என்று சொன்னேன் இல்லையா, அது திரும்ப வந்தது.

சிரியஸைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கணும்னு பாரம்பரியக் கவுன்சில் ஒருமனதாகப் பரிந்துரைத்தது. அமைச்சர் 2016ல் மறுத்தார், அறிவித்தால் விற்பனை விலை குறையும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. கட்டடத் தொழிலாளர் சங்கம் மறுபடி ஒரு பச்சைத் தடை போட்டது. 80 வயதைத் தாண்டிய ஜாக் மண்டி கட்டடத்தின் முன்னால் வந்து நின்றார். 2017ல் குடியிருப்போர் சங்கம் போட்ட வழக்கில், அதே நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம் அமைச்சரின் முடிவு செல்லாது என்றது. சில மாதங்கள் கழித்துப் புது அமைச்சர் மறுபடி முதலிலிருந்து பரிசீலித்து, மறுபடி மறுத்தார்.

ஒவ்வொருவராக வீடு மாறிப் போனார்கள். கடைசியில் மிஞ்சியவர் 90 வயதை ஒட்டிய, பார்வை பெருமளவு இழந்த ஒரு பெண்மணி. அவர் வீட்டு ஜன்னலில் எஸ்.ஓ.எஸ். என்று விளக்கெழுத்து எரியும். ஹார்பர் பிரிட்ஜில் போகிறவர்களுக்குத் தெரியும். 2018ன் தொடக்கத்தில் அவரும் கிளம்பினார்.

2019ல் சிரியஸ் 15 கோடி டாலருக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இடிக்கவில்லை. அதே கான்கிரீட் பெட்டிகளை வைத்துக்கொண்டு, உள்ளே ஆடம்பர ஃபிளாட்டுகளாக மாற்றினார்கள். 2020 மே மாதம் ஜாக் மண்டி 90 வயதில் இறந்தார். தி ராக்ஸில் ஆர்கைல் தெருவின் ஒரு பகுதிக்கு இப்போது அவர் பெயர்தான், ஜாக் மண்டி பிளேஸ். அங்கிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் சிரியஸ் தெரியும்.